பாதி முகத்தில் துத்தநாகம்

பிப்ரவரி 2, திங்கள்

மேடம், முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வரி போதும் என்று சொல்லித்தான் இந்த டைரியைக் கொடுத்தீர்கள். எரிச்சல் உண்டா, அரிப்பு உண்டா, எண்ணெய் வழிகிறதா, அவ்வளவுதான் என்றீர்கள். நான் இப்போதே அதைத் தாண்டிவிட்டேன். நேரில் நீங்கள் எது கேட்டாலும் "சரி மேடம்" என்பதைத் தவிர எனக்கு வாயில் ஒன்றும் வருவதில்லை. கையில் வருகிறது. நாளை முதல் சுருக்கமாக எழுதுகிறேன்.

எரிச்சல் இல்லை. அரிப்பு இல்லை. எண்ணெய் இல்லை.

புதிதாக வாசிப்பவருக்கும் புரியவேண்டும் என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன். என் பெயர் பாண்டிமீனா. பி.எஸ்ஸி. வேதியியல். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது என்பதால் அது ஃப்ரேம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது. கப்பலூர் தொழிற்பேட்டையில் சந்திரகாந்தி காஸ்மெட்டிக்ஸ் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் பயிற்சியாளர். ஆய்வகத் தலைவர் ரெஜினா மேடம், அதாவது நீங்கள், புதிதாக ஒரு வெயில் கிரீம் செய்திருக்கிறீர்கள். அதில் இருப்பது துத்தநாக ஆக்சைடு. வெள்ளை வெளேரென்ற தாதுப்பொடி. தோலுக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்து வெயிலைத் தடுக்கும். அதை முகத்தின் இடது பாதியில் மட்டும் தடவிக்கொண்டு மாலை வரை கழுவாமல் இருப்பது என் வேலை. வலது பாதி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

என்னை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். "இந்த ஊர் வெயில்ல நடக்கிற நிறத்துல ஒரு ஆள் வேணும்" என்றீர்கள். ஆய்வகத்தில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஃப்ரிட்ஜ் இருந்தது. அதுவும் வெள்ளை.

பிப்ரவரி 3, செவ்வாய்

எரிச்சல் இல்லை.

காலையில் பஸ்ஸில் இடதுபுறம் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கிரீம் பூசிய பாதி வெளியே வேடிக்கை பார்க்க, என் சொந்தப் பாதி பஸ்ஸுக்குள் இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் அந்த வசதி கிடைக்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு இரண்டு சீட் தள்ளிப் போனார். திரும்பி வந்தார்.

"ஏம்மா, பவுடர் பாதியிலயே தீந்துபோச்சா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இடது பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. (இதைத் தோல் பற்றிய குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம்.)

வீட்டில் அப்பா இருந்தார். அவர் திருமங்கலம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பரோட்டா மாஸ்டர். மாவு பிசைந்து ஊறவைத்துவிட்டுக் குளிக்க வருவார். புருவம், காது, முழங்கை எல்லாம் மைதா. நாங்கள் இரண்டு பேரும் வாசலில் எதிரெதிராக நின்றோம்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருல யாரு கடைக்குப் போயிட்டு வந்தது?" என்றாள்.

பிப்ரவரி 5, வியாழன்

எரிச்சல் இல்லை. எரிச்சல் எல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான்.

பிப்ரவரி 6, வெள்ளி

அரிப்பு இல்லை. வியர்த்தால் வெள்ளை கோடு கோடாக இறங்குகிறது. சுடிதார் கழுத்தில் படிகிறது, சோப்புக்கு லேசில் போகவில்லை.

மதியம் பேக்கிங் பிரிவில் சாப்பிட்டேன். அங்கே மாரிக்கண்ணு அக்காதான் எல்லாம். பேக்கிங் பெண்கள் எல்லோரும் என் நிறம்தான், அல்லது அதைவிட ஒரு பிடி கூடுதல். அவர்களை ஏன் யாரும் சோதனைக்குக் கூப்பிடவில்லை என்று மாரிக்கண்ணு அக்காவுக்குக் கோபம்.

"எங்களுக்கெல்லாம் மூஞ்சி இல்லையாமா?" என்றார். பிறகு என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பக்கம் பாத்தா எங்கூரு பிள்ள. அந்தப் பக்கம் பாத்தா சுண்ணாம்பு அடிச்ச செவுரு. ஏத்தா, நடுவுல ஒரு கேட்டு போட்டுக்க."

சாப்பாட்டின்போது நான் அவர்களுக்கு வலது பக்கத்தைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

இன்று எழுத நிறைய இருக்கிறது. மன்னிக்கவும்.

வெள்ளையாகத் தெரிவதைப் பதிவுசெய்ய வேண்டும் என்று காலையில் இரண்டு படம் எடுத்தீர்கள். முதலில் ஒன்றும் தடவாத முகம். பிறகு முகம் முழுக்கத் தடவிய பின். இரண்டையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். "பாண்டிமீனா, இதுதான் நம்ம பிரச்சினை. பேய் மாதிரி இருக்கு பாரு" என்றீர்கள். "சரி மேடம்" என்றேன்.

அப்போதுதான் விற்பனைப் பிரிவு பிரேம்நாத் சார் போன் சார்ஜர் கேட்டு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். சார்ஜரை மறந்துவிட்டார்.

"மேடம், இது எத்தன வாரத்து ரிசல்ட்?"

"வாரமா? தடவின உடனே எடுத்தது."

"உடனேயா!"

அவர் ஓடிய வேகத்தில் கதவு தானாக மூடவில்லை. நான்தான் எழுந்துபோய் மூடினேன். மூடிய கதவை முதலாளி தணிகாசலம் சார் திறந்துகொண்டு வந்தார்.

"இந்தப் பிள்ளையா அது?" என்று என்னைப் பார்த்தார். "அட, ஆமா. அடையாளமே தெரியலையே."

நீங்கள் எவ்வளவோ சொன்னீர்கள். "சார், இது நிறம் மாறல. துத்தநாகம் மேல நிக்குது, அவ்வளவுதான். செவுத்துல பெயிண்ட் நிக்கிற மாதிரி. இது கிரீமோட குறை சார்."

"குறைன்னு நமக்குத்தானே மேடம் தெரியும்? வாங்குறவங்களுக்கு?"

"இது வெயிலுக்குப் போடுற கிரீம்."

"வெயிலுக்கும் ஆச்சு, வெள்ளைக்கும் ஆச்சு. கோடைக்கு முன்னாடி கடைக்கு வந்துரணும்."

பிரேம்நாத் சார் சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து உள்ளங்கையிலேயே எழுதினார். "தடவிய நொடியில் வெண்மை. இந்தப் பக்கம் 'முன்', அந்தப் பக்கம் 'பின்'. வேற மாடலே வேண்டாம் சார், இதே படம் போதும். இயற்கையா இருக்கு." பிறகு என்னிடம், "உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையேம்மா? அட்டைப்பெட்டில உங்க படம் வரும், ஊரெல்லாம் பார்க்கும்."

நான் "சரி சார்" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பீக்கரைக் கழுவப் போனேன். அது ஏற்கெனவே கழுவிய பீக்கர்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அட்டைப்பெட்டியில் என் படம் 'முன்' என்று வருவதில் எனக்கு ஒன்றும் இல்லை. சும்மா குறிப்பிட்டேன்.

எண்ணெய்ப் பிசுக்கு: கொஞ்சம்.

பிப்ரவரி 11, புதன்

பெட்டி பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பெரிய விளம்பரப் பலகையும் வைக்கலாம் என்று பிரேம்நாத் சார் சொன்னாராம். அதைப் பற்றியும் ஒன்றும் நினைக்கவில்லை.

தூக்கம் சரியில்லை. வெக்கை காரணமாக இருக்கலாம்.

பிப்ரவரி 12, வியாழன்

அப்பாவுக்குப் பரோட்டாக் கல் சூட்டில் முதுகெல்லாம் வியர்க்குரு. காலையில் காலமைன் லோஷன் தடவிவிட்டேன். சின்ன வயதிலிருந்து வீட்டில் இருக்கிற ரோஸ் நிற பாட்டில்தான். ஆனால் பட்டம் வாங்கியபிறகு நான் எந்த பாட்டிலையும் திருப்பிப் பின்பக்கம் வாசிக்காமல் விடுவதில்லை. அதிலும் துத்தநாக ஆக்சைடுதான் இருக்கிறது. நம் கிரீமில் இருக்கிற அதே பொடி. அது வெள்ளையாக இல்லாமல் ரோஸாக இருப்பது அதில் துளி இரும்பு ஆக்சைடு சேர்ப்பதால்.

நான் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னத்தா, ரொம்பப் பெருசா இருக்கா?"

"இல்லப்பா. இரும்பு."

"முதுகுலயா?"

ஆய்வகத்தில் உங்களிடம் இதைச் சொல்ல நான் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். இருந்தாலும் பதிவுக்காக எழுதுகிறேன்.

"மேடம்... இரும்பு..."

"இரும்புக்கு என்ன?"

"சேத்தா..."

"எதுல?"

"கிரீம்ல."

"ஒரு வாக்கியத்த மூணு தவணையாவா சொல்லுவ?" என்று சிரித்தீர்கள். பிறகு சிரிப்பதை நிறுத்தினீர்கள். போன வருடம் விலைபோகாத காம்பாக்ட் பவுடருக்காக வாங்கிய இரும்பு ஆக்சைடு டப்பாக்கள் அலமாரியில் இருந்தன. சிவப்பு, மஞ்சள், கறுப்பு. மூன்றையும் எடுத்து என் முன்னால் வைத்தீர்கள். "உன் முகத்துக்குப் பொருந்துற வரைக்கும் கலக்கு. பொருந்திட்டா முதலாளிகிட்ட நான் பேசறேன். அச்சுக்குப் போறதுக்குள்ள முடி."

எதைப் பேசுவீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

முதல் கலவை. சிவப்பு அதிகமாகிவிட்டது. இடது கன்னம் மட்டும் செங்கல் நிறம்.

வாசலைத் தாண்டுவதற்குள் அம்மா அலறினாள். "யாருடி அறைஞ்சா?"

அப்பா குளித்துக்கொண்டிருந்தவர், தலையில் சோப்போடு வெளியே வந்தார். "எவன் அவன்? எந்தக் கம்பெனி?"

"கம்பெனிதான்பா. நானே பூசிக்கிட்டேன்."

"நீயே எதுக்கு அறைஞ்சுக்கிட்ட?"

விளக்கி முடிப்பதற்குள் சோப்பு அவர் கண்ணில் இறங்கிவிட்டது. எரிச்சல்: அப்பாவுக்கு.

பிப்ரவரி 14, சனி

மஞ்சள் அதிகம். கண்டக்டர்: "மஞ்சத் தேச்சுக் குளிக்கையில தண்ணி நின்னுபோச்சாம்மா?"

இந்தக் கண்டக்டருக்கு வேறு ரூட் கிடைக்க நான் வேண்டிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 16, திங்கள்

கறுப்பு அதிகம். மாரிக்கண்ணு அக்கா: "வெறகடுப்பா ஊதுன?" சாம்பல் நிறமாகப் போய்விட்டது. வெள்ளையிலிருந்து தப்பி இங்கே வந்து மாட்டிக்கொண்டேன்.

என் தவறு எனக்குப் புரிகிறது. என் நிறம் கறுப்பு என்று பிறந்ததிலிருந்து கேட்டு வந்ததால் கறுப்பு டப்பாவைத்தான் தைரியமாகத் திறந்தேன்.

பிப்ரவரி 18, புதன்

சிவகாசியிலிருந்து அட்டைப்பெட்டியின் மாதிரி வந்துவிட்டது. பளபளப்பான அட்டை. இடது பக்கம் நான், கீழே பெரிய எழுத்தில் 'முன்'. வலது பக்கம் மாவில் விழுந்த ஒரு பெண், கீழே 'பின்'. பிரேம்நாத் சார் ஒரு மாதிரியை என்னிடமே கொடுத்தார். "வீட்ல காட்டுங்க, சந்தோஷப்படுவாங்க."

"சரி சார்."

பைக்குள் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அம்மா டப்பா கழுவ எடுக்கும்போது பார்த்துவிட்டாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்தது இதற்கு முன் எப்போது என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை.

அப்பாதான் வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "அச்சுல எம்மக!" என்றார். சட்டைப்பைக்குள் மடிக்காமல் வைக்க முடியவில்லை என்பதால் கையிலேயே பிடித்துக்கொண்டு கடைக்குப் போனார்.

பிப்ரவரி 19, வியாழன்

நேற்றுக் கடையில் நடந்ததை, பார்சல் வாங்கப்போன எதிர்வீட்டு அத்தை வந்து அம்மாவிடம் சொன்னார். அப்பா அட்டையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தாராம். வந்தவர்கள் எல்லோரும் எடுத்துப் பார்த்தார்களாம். ஒருவர், "மாஸ்டர், இதுல உங்க பொண்ணு எது?" என்று கேட்டிருக்கிறார்.

அப்பா மாவு வீசுவதை நிறுத்தாமலே 'முன்' படத்தைத் தாடையால் காட்டினாராம். "இது எம்மக."

"அப்ப இது?"

"அது யாருன்னு தெரியலண்ணே. கேட்டுச் சொல்றேன்."

அத்தை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் மாடியில் துணி எடுக்கப் போனேன். துணி இன்னும் காயவில்லை. காயும்வரை அங்கேயே நின்றேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

பொருந்திவிட்டது மேடம்.

நீங்கள் மதுரைக்குப் போயிருந்தீர்கள். மதியம் ஜன்னலோரம் கண்ணாடியை வைத்து, வலது பாதியைப் பார்த்துப் பார்த்துக் கலக்கினேன். என் முகத்தை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. தலை வாரும்போது வகிட்டைப் பார்ப்பேன், அவ்வளவுதான். மூக்கின் ஓரம் ஒரு நிறம், கன்னத்து மேட்டில் ஒரு நிறம். நெற்றி இரண்டிலும் சேராமல் இருக்கிறது. எல்லோரும் ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கலக்கும்போது அப்படி முடியவில்லை. அதிகம் வேண்டியிருந்தது மஞ்சள். அடுத்தது சிவப்பு. கறுப்பு டப்பாவிலிருந்து தேவைப்பட்டது ஊசி முனையில் ஒட்டுகிற அளவு.

தடவினேன். இடது பாதி காணாமல் போய்விட்டது. அதாவது, கிடைத்துவிட்டது.

மாலை பஸ்ஸில் கண்டக்டர் என் முகத்தை இடமும் வலமும் பார்த்தார். ஏமாற்றத்தோடு டிக்கெட் கொடுத்தார்.

பிப்ரவரி 23, திங்கள்

காலையில் நீங்கள் பார்த்துவிட்டு, "எங்க தடவியிருக்க?" என்று கேட்டீர்கள். அதுவே பதில் என்று நீங்களே சொல்லிக்கொண்டு என் தோளில் தட்டினீர்கள். உடனே ஒரு சின்ன வாளி நிறையக் கலந்தோம். வெயிலைத் தடுக்கும் அளவு குறையவில்லை என்று அளந்தும் பார்த்துவிட்டீர்கள்.

முதலாளி வந்தார். புதிதாக எடுத்த இரண்டு படங்களையும் காட்டினீர்கள்.

"இதுல எது தடவினது?"

"ரெண்டாவது சார்."

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"அதான் சார் வேணும். பூசினதே தெரியாது, ஆனா வெயில் ஏறாது."

"பூசினது தெரியாத கிரீமை எவன் வாங்குவான்? காச குடுத்துட்டுக் கண்ணாடியப் பாத்தா அதே மூஞ்சிதானே இருக்கும்?"

பிரேம்நாத் சார் விழுந்து விழுந்து சிரித்தார். வெள்ளைதான் போகும், வருகிற திங்கட்கிழமை சிவகாசியில் அச்சு ஓடும், அந்த வாளியை எங்கேயாவது ஓரமாக வை என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

வைத்தேன். ஆய்வகத்தில் இடம் இல்லாததால் பேக்கிங் பிரிவில், பெண்கள் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் வைத்தேன். மூடி இறுக்கமாக இருந்ததால் முழுக்க மூட முடியவில்லை. கரண்டி ஒன்று தவறுதலாக உள்ளேயே இருந்துவிட்டது. மாரிக்கண்ணு அக்கா "என்னத்தா இது?" என்றார். "வெயிலுக்குப் போடுறது, யாருக்கும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

எரிச்சல் இல்லை. அரிப்பு இல்லை.

வாளிப் பக்கம் நான் போகவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

வாளி காலி.

முதலாளி ஒரு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டும்போது அந்த ஆள் "இதென்ன சார், இவ்வளவு சுத்தமா வழிச்சு வெச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டார். வியாபாரி போன உடன் முதலாளி பேக்கிங் பெண்கள் எல்லோரையும் வெளியே முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார். நல்ல வெயில். நீங்களும் நானும் படியில் நின்றோம்.

"கம்பெனி சரக்க யாரு எடுத்தது? இப்பவே சொல்லிட்டா விட்டுர்றேன்."

ஆளாளுக்குப் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள்.

"நீங்க சொல்லாட்டி உங்க மூஞ்சி சொல்லும்" என்றார் முதலாளி.

ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். கிட்டப் போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். உச்சி வெயிலில் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். பிரேம்நாத் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார். ஒன்றும் தெரியவில்லை. எல்லோர் முகமும் அவரவர் முகமாகவே இருந்தது.

கடைசியில் முதலாளி சட்டென்று நின்று ஒரு பெண்ணைக் காட்டினார். "இந்தா, இந்தப் பிள்ள! பளிச்சுனு இருக்கு பாருங்க. பூசியிருக்கு."

"சார், அவ அக்கா கல்யாணத்துக்குப் போயிட்டு இன்னைக்குத்தான் சார் வேலைக்கு வாரா" என்றார் மாரிக்கண்ணு அக்கா. "அவளுக்கு மிச்சம் வைக்கலைன்னு காலையிலருந்து எங்களப் புடிச்சுத் திட்டிக்கிட்டு இருக்கா."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அக்காவுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நீங்கள் ஆய்வகத்திலிருந்து ஈரப் பஞ்சு எடுத்துவரச் சொன்னீர்கள். ஒவ்வொருவர் கன்னத்திலும் ஒரு துடைப்பு. பஞ்செல்லாம் பழுப்பு. கல்யாணத்துக்குப் போன பிள்ளையைத் தவிர ஒரு ஆள் பாக்கியில்லை. வரிசை முடிந்த இடத்தில் வாட்ச்மேன் கருப்பையா அண்ணன் வேடிக்கை பார்த்து நின்றார். முதலாளிக்கு என்ன தோன்றியதோ, அவர் கன்னத்திலும் ஒரு பஞ்சை வைத்து இழுத்தார். பழுப்பு.

"யோவ், நீயுமா?"

"நான்தான் சார் நாள் பூரா வெயில்ல நிக்கிறேன்."

முற்றமே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. கையிலிருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாரிக்கண்ணு அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

"அந்த வெள்ளைக் கிரீம் ஒரு பேரல் நிறைய அதே ரூம்லதானே கெடக்கு? அதை ஏன் யாரும் தொடல?"

"அதைப் போட்டுக்கிட்டு எப்படி சார் பஸ்ஸேறுறது?" என்றார் அக்கா. "இந்தப் பிள்ள பட்ட பாட்டத்தான் பாத்தோமே."

முதலாளி பஞ்சை என் கையில் கொடுத்தார். "பிரேம்நாத்" என்றார். "சும்மா குடுத்தாக்கூட ஒண்ண ஒருத்தரும் தொடல. இன்னொண்ண வாட்ச்மேன்வரைக்கும் திருடியிருக்கான். எதுய்யா விக்கும்?"

பிரேம்நாத் சார் உள்ளங்கையையும் பேனாவையும் எடுத்தார். "பூசியது தெரியாது சார்!" என்றார், தானே கண்டுபிடித்ததைப் போல.

உங்கள் கன்னத்திலும் ஒரு தீற்றல் இருந்தது மேடம். உங்கள் நிறத்துக்கு அது கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. முதலாளி பார்க்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் உங்கள் நிறத்துக்கும் ஒன்று கலக்கித் தருகிறேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

வெள்ளைக் கிரீம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. நேற்று வீட்டில் சொன்னேன். அப்பா, "அப்ப அந்தப் பக்கத்துல இருந்த பிள்ளைக்கு வேலை போயிருச்சா?" என்று கேட்டார்.

ஆனால் இன்று மதியம் சிவகாசி அச்சகத்திலிருந்து போன். பிரேம்நாத் சார் ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"சார், ஒரே படத்த ரெண்டு தடவ அனுப்பிட்டீங்க."

"இல்லப்பா, அது வேற, இது வேற. ஒண்ணு முன், ஒண்ணு பின்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார். எங்க ஆளு மூணு பேரு பாத்துட்டோம்."

போனை வைத்துவிட்டு பிரேம்நாத் சார் யோசித்தார். வித்தியாசம் இல்லாவிட்டால் 'முன் பின்' எடுபடாதாம். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். 'பின்' படத்துக்கு நான் வேண்டாம். இன்டர்நெட்டில் விலைக்குக் கிடைக்கிற மாடல் படம் ஒன்று எடுத்துவைத்திருக்கிறார். பால் நிறம், பச்சைக் கண். 'முன்' படத்துக்கு நான் அப்படியே இருக்கலாமாம்.

"ஓகேவா பாண்டிமீனா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன வரப்போகிறது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நல்லவேளை, தும்மல் வந்தது. அவர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 28, சனி

எரிச்சல் உண்டு.

இந்த டைரியில் எரிச்சலுக்கு 'உண்டு' என்று எழுதுவது இதுதான் முதல் முறை. தோலில் இல்லை. எங்கே என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இன்றோடு சோதனை முடிகிறது. அரிப்பு இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, பஸ்ஸில் கேள்வி இல்லை. கிரீம் நன்றாக இருக்கிறது. என் நிறத்துக்கு ஒன்று, அதைவிட ஒரு பிடி கூடுதலான நிறத்துக்கு ஒன்று, வாட்ச்மேன் அண்ணனுக்கு ஒன்று என்று மூன்று கலவையாகச் செய்தால் பேக்கிங் பிரிவு முழுக்கப் பொருந்தும் என்பது என் கருத்து. கருத்து என்று நான் எழுதுவதும் இதுதான் முதல் முறை.

திங்கள் காலையில் டைரியை உங்கள் மேசையில் வைத்துவிடுவேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் சிவகாசிக்குப் போன் செய்து முடிவு சொல்வதாக பிரேம்நாத் சார் சொல்லியிருக்கிறார். இவ்வளவு நீளமாக எழுதியது என் தப்பு. நேரமில்லை என்றால் முன்னால் உள்ளதையெல்லாம் விட்டுவிட்டு நேராக இந்தப் பக்கத்துக்கு வந்துவிடுங்கள். தெரிவதற்காக ஒரு பஞ்சை ஒட்டி வைக்கிறேன். வாட்ச்மேன் அண்ணனுடையது.

ஒன்று கேட்க வேண்டும். படம் எடுத்த நாளிலிருந்தே கேட்க நினைத்தேன். நீங்கள் கேட்டால் முதலாளி கேட்பார்.

என் படத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கவில்லை. ஒன்பதாம் தேதி அப்படித்தான் கேட்க நினைத்தேன். இப்போது இல்லை. படம் இருக்கட்டும். மாட்டுத்தாவணியில் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அந்தக் கண்டக்டர் தினமும் பார்க்கட்டும். பச்சைக் கண் உள்ள அந்தப் பெண் மட்டும் வேண்டாம். ஒரே படம். நான் மட்டும்.

கீழே 'முன்' என்று இருக்கிற அந்தச் சொல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள் மேடம்.